ஃபோர்மேன் கையெழுத்து

அந்த மூன்று கார்டுகளுக்கும் முத்திரை குத்தியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசி எல்லாப் பழியையும் டீச்சர் தலையில் கட்டினார்கள். முப்பது வருஷமாகத் தபால் நிலையத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். உறையைக் கையில் வாங்கினாலே உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் நான் கீழ்வீடு. மாடி வீட்டில் ஃபோர்மேனும் அவர் சம்சாரமும் மகளும். ஃபோர்மேன் என்றால் சாய ஆலையில் பாய்லர் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவர். ஆலையை மூடி எத்தனையோ வருஷமாகியும் பட்டம் மட்டும் போகவில்லை. அவர் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்காவுக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி வேலை. நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருவார். மகள் சின்னக் குழந்தைகளுக்குக் கையெழுத்துச் சொல்லித் தரும் டீச்சர். கோடு தாண்டி ஓர் எழுத்து போனாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த பாய்லர் வெடித்தது. எட்டுப் பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கொதிக்கும் நீராவி தொண்டைக்குள் போய், பிழைத்தவர்களில் ஒருவருக்கும் பழைய குரல் திரும்பவில்லை. ஃபோர்மேன் பேசினால் பக்கத்தில் போய்க் காதை நீட்ட வேண்டும். தொலைபேசியில் அந்தக் குரல் வெறும் காற்றாகத்தான் கேட்கும். அதனாலோ என்னவோ, விபத்து நடந்த தேதிக்கு ஒரு வாரம் முன்பு அவர் தன் பழைய ஆட்களுக்குக் கார்டு எழுதுவார். ஃபோர்மேன் கார்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் எழுதுவார்கள். ஷிஃப்ட் புத்தகத்தில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். ஆலை போனாலும் சட்டம் போகவில்லை.

கார்டு வாங்கப் போனால் கடைக்காரனைப் படுத்தி எடுத்துவிடுவார். ரோஜாப்பூ, அருவி, தங்க எழுத்தில் கவிதை, எதுவும் ஆகாது.

"உள்ள ஏற்கெனவே எழுதியிருந்தா நான் எதுக்கு?" என்பார். "வெறும் கார்டு கொடு."

அந்த வெறும் கார்டில் அவர் எழுதுவது ஒரே வார்த்தை. இருக்கேன். கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தைக்கு ஒரு ஸ்டாம்ப்பா? இன்னும் நாலு வரி சேர்த்து எழுதினா கை தேஞ்சிடுமா உங்களுக்கு?" என்று அக்கா வருஷா வருஷம் கேட்பார். ஃபோர்மேன் உறையை ஒட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. எட்டு மாதத்தில் காலை இழுத்து இழுத்து ஜன்னல்வரை நடக்க ஆரம்பித்தார். கை மட்டும் மடியில் கிடந்தது. கார்டு போடும் நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே அவர் பேனாவை இடது கையில் எடுத்தார்.

அந்த ஆறு வாரமும் விடாத மழை. துணி எதுவும் காயாமல் அவர்கள் வீட்டு அறைக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரத் துணிக்கு நடுவே சாப்பாட்டு மேசை. எழுதும்போது கார்டு நகர்ந்து நகர்ந்து போயிற்று. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டாமா? அக்கா பிடிக்க வந்தால் விட மாட்டார். கடைசியில் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கார்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். வேலை முடிந்து வந்ததும் நான் சூப்போ டீயோ எடுத்துக்கொண்டு மேலே போவேன். மேசைக்கடியில் கிழிந்த கார்டுகள் கிடக்கும்.

ஒரு நாள் டீச்சர் பள்ளிக்கூட நோட்டுக் கட்டோடு உள்ளே வந்தாள். குடையைச் சாத்திவிட்டு மேசையைப் பார்த்தாள்.

"அப்பா, இது 'இ'யா? சுருட்டி வச்ச கயிறு மாதிரி இருக்கு."

"'இ'தான்."

"எங்க ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க இதைவிட நல்லா எழுதும்."

"எழுதட்டும். நல்ல டீச்சர்."

அக்கா சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "நான் எழுதித் தர்றேன்பா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். உங்க பேரையும் நானே போடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"வேண்டாம்."

"ஏன் இப்படி அடம் பிடிக்கிறீங்க? ஃபோன்ல ஒரு படம் அனுப்பினா ஒரு நிமிஷம். எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "அந்தப் படமெல்லாம் எனக்கும் தினம் வருது. காலையில அறுபது பூ. யார் அனுப்பினது எதுன்னு எனக்கும் தெரியாது, அனுப்பினவங்களுக்கும் தெரியாது."

"நீங்க வேற அத்தை, தபால் ஆபீஸ்காரங்க அப்படித்தான் சொல்வீங்க."

ஃபோர்மேன் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. இஸ்திரிப் பெட்டியை நகர்த்தினார். பேனாவைக் கார்டில் குத்தி நிறுத்தினார். அவர் எப்போதுமே அழுத்தி எழுதுகிறவர். பாய்லர் ஷிஃப்ட் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து ஒரே நேரத்தில் மூன்று படி எடுக்க வேண்டுமாம். அழுத்தவில்லை என்றால் மூன்றாம் படியில் ஒன்றும் விழாது. அந்தப் பழக்கத்தில் அவர் எழுதிய காகிதத்தைத் திருப்பினால் பின்பக்கம் எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கும். இடது கையில் இன்னும் மோசம். பாதிக் கார்டுகள் அதில்தான் கிழிந்தன.

பத்தொன்பது கார்டுகள் பாழாயின. மூன்று தேறின. உறையில் விலாசமும் அவரே எழுதினார். ஒட்டி மகளிடம் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்ததைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். வாதம் வந்த பிறகு அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டீச்சர் என் கவுண்டருக்கு வந்து மூன்று உறைகளை நீட்டினாள். விலாசம் அச்சடித்ததுபோல் இருந்தது.

"இது உன் எழுத்தாச்சே?"

"நான் ஃபேர் காப்பி எழுதிட்டேன் அத்தை. அதை அப்படியே போட்டா போய்ச் சேருமா, நீங்களே சொல்லுங்க? சேர்ந்தாலும் என்ன நினைப்பாங்க? ஒரு காலத்துல அறுபது பேரை மேய்ச்சவரு. ஐயோ பாவம்னு சொல்ல மாட்டாங்களா? அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"உள்ள என்ன எழுதின?"

"ஒரே ஒரு வார்த்தை போட்டா மரியாதையாவா இருக்கு? இத்தனை வருட நட்புக்கும் அன்புக்கும் நன்றி, என்றும் நினைவில் இருப்பீர்கள்னு எழுதினேன். கீழ அப்பா பேரு."

"முத்து முத்தா இருக்கு" என்றேன். என் வாயில் புழு பிடிக்க. மூன்று உறைகளுக்கும் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்திப் பைக்குள் போட்டேன்.

ஃபோர்மேன் பதில் கார்டுகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். நாலாம் நாளே ஜன்னலுக்கு வந்துவிட்டார். நான் வேலை விட்டு வரும்போது மேலிருந்து விரலால் கண்ணாடியைத் தட்டுவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். விபத்துத் தேதி வந்தது, போயிற்று. எந்த வருஷமும் பதில் அந்தத் தேதியைத் தாண்டியதில்லை.

தேதிக்கு மறுநாள் மேலே போனேன். மேசையில் அவித்த முட்டையும் ரொட்டியும் தொடாமல் இருந்தன. அக்கா வேலை உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேருந்து சாப்பிடல. நீயாவது சொல்லு."

ஃபோர்மேன் என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். காதைக் கொடுத்தேன்.

"ஒருத்தன் எழுதலன்னா மறதி. மூணு பேரும் எழுதலன்னா?"

"மழையில தபால் தாமதமாகுது அண்ணே."

"என் எழுத்தைப் பார்த்துட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இவன் கதை முடிஞ்சுது, இனி இவனுக்கு எதுக்குக் கார்டுன்னு விட்டுட்டாங்க."

டீச்சர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிடு என்று கண்ணால் சாடை காட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். வயசான மூன்று ஆண்கள். ஒருவர் குண்டு, மழைக்கோட்டு பொத்தான் போட முடியாமல் நின்றார். ஒருவர் ஆறடிக்கு மேல். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டவர், நெட்டையானவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குண்டானவர் கையில் பெரிய வெள்ளைப் பூவளையம், பிளாஸ்டிக் தாளுக்குள் நனைந்துபோய் இருந்தது.

குண்டானவர் வாய் திறந்தார். காற்றுதான் வந்தது. உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் யார் என்று. கிட்டே போனேன்.

"எப்போ எடுத்தாங்கம்மா?"

"யாரை?"

"ஃபோர்மேனை."

"அவரு மேல டீ குடிச்சிட்டிருக்காரு."

மூன்று பேரும் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பார்வை இல்லாதவர்கூட என் பக்கம் திரும்பினார். பிறகு அந்தக் குண்டு மனிதர் பூவளையத்தோடு படியேறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

மேலே கதவைத் திறந்தது அக்கா. ஃபோர்மேன் மேசையில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், இடது கையை மட்டும் தூக்கினார். வால்வு என்று அவர்கள் கூப்பிடுகிற அந்தக் குண்டானவர் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கிற்று.

"யாரு செத்தது?" என்றார் ஃபோர்மேன் பூவளையத்தைப் பார்த்து.

"நீதான்டா" என்றார் நெட்டையானவர். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் குட்டை.

"யாரு சொன்னா?"

"நீதான் கார்டு போட்ட."

நாலு பேருக்கும் உரக்கப் பேச வராது. தலைகள் ஒட்ட ஒட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். நானும் அக்காவும் குனிந்து நின்று கேட்டோம். வால்வு சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து ஃபோர்மேன் முன்னால் வைத்தார். முத்து முத்தான எழுத்து. ஃபோர்மேன் அதைப் படித்தார். திரும்பப் படித்தார்.

அக்காதான் கேட்டார். "எழுத்து வேறன்னா ஆள் போயிட்டாருன்னு அர்த்தமா? ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே."

"செத்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, செத்துட்டாரான்னு எப்படித் தங்கச்சி கேக்குறது?" என்றார் வால்வு. "இந்தக் குரலை வச்சுக்கிட்டு?"

குட்டை சொன்னார். "ஆஸ்பத்திரியில எங்களைத் தனித்தனி ரூம்ல போட்டிருந்தாங்க. பேச்சு இல்ல. யார் இருக்கா, யார் போயிட்டான்னு தெரியல. இவன்தான் மருந்துச் சீட்டு பின்னால எழுதி நர்ஸ்கிட்ட கொடுத்தனுப்பினான். இருக்கேன்னு. நாங்களும் எழுதினோம். தினமும் எட்டுச் சீட்டு. ஒன்பதாம் நாள் ஒரு சீட்டு நர்ஸ் எழுத்துல வந்துச்சு."

வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் மூணு பேர் போனாங்க" என்றார் வால்வு. "ஒருத்தனுக்குப் பொண்டாட்டி எழுதினா. ஒருத்தனுக்குப் பையன். இன்னொருத்தனுக்கு யாரோ. யாரும் செத்துட்டான்னுகூட எழுதல, நன்றின்னுதான் எழுதினாங்க. உறையைப் பார்த்ததுமே நாங்க உக்காந்துடுவோம்."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இந்த இருபத்தாறு வருஷமும் கூடவேதான் இருக்கேன். இதை ஒரு நாள் என்கிட்ட சொன்னீங்களா?"

"வீட்ல சொல்ற விஷயமா?" என்றார் ஃபோர்மேன். பிறகு குரலைக் கூட்ட முடியாமல் மேசையை ஓங்கித் தட்டினார். டம்ளர் உருண்டது. "எங்க என் கார்டு?"

டீச்சர் அறைக்குள்ளிருந்து வந்தாள். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மூன்று உறைகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"உங்களைப் பார்த்து யாரும் பரிதாபப்படக் கூடாதுன்னுதான்பா..."

"படட்டும்!" அந்த ஒரு வார்த்தை எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. "உயிரோட இருக்கிறவனைப் பார்த்துப் படட்டும். நீ என்னைக் கொன்னுட்ட. அழகா எழுதிக் கொன்னுட்ட."

டீச்சர் அழுதாள். ஒருவரும் சமாதானப்படுத்தவில்லை, நானும்தான். எனக்கும் சேர்த்துத்தான் அவள் அழுகிறாள் என்று தோன்றியது. "குத்தம் என் மேலயும் இருக்கு அண்ணே, நான்தான் முத்திரை குத்தினேன்" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர். ஒரு காலத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவராம், இப்போது பார்வையே இல்லை. சோடா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கையை நீட்டினார்.

"எனக்கு எழுதினது எது? கொடு."

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார் வால்வு.

"அதனாலதான் எனக்கு முதல்ல தெரிஞ்சுது. மருமக கார்டைப் படிச்சா. நான் பின்பக்கம் தடவினேன். வழவழன்னு இருந்துச்சு. இவன் கார்டு எந்த வருஷமும் அப்படி வந்ததில்ல. அவளை ஃபோன் போட்டு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லச் சொன்னேன்."

டீச்சர் ஓர் உறையைப் பிரித்து, கார்டை அவர் கையில் வைத்தாள். சோடா அதைத் திருப்பினார். பெருவிரலால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் பேனா துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, அங்கே விரல் நின்றது. பிறகு மேலும் போயிற்று. நாங்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவன்தான்" என்றார். "கை மாறியிருக்கு. ஆளு அதே ஆளுதான்."

குட்டை மற்ற இரண்டு உறைகளுக்கும் கை நீட்டினார். ஃபோர்மேன் இடது கையால் அவற்றை அமுக்கிக்கொண்டார்.

"வைடா கீழ. சோடா, நீயும் கொடு."

"எங்களுக்கு எழுதினதுதானே?"

"கையில கொடுத்தா அது கார்டு இல்ல. வீட்டுக்குப் போங்க. தபால்ல வரும்."

"டேய், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கோம்."

"யார் வரச் சொன்னா?"

அதற்குப் பிறகு அக்கா உருளைக்கிழங்கு வேகவைத்தார், ரொட்டி சுட்டார். நாலு பேரும் தலையோடு தலை முட்டச் சாப்பிட்டார்கள். பூவளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணிக் கயிற்றில் மாட்டியிருந்தோம். கிளம்பும்போது வால்வு அதை எடுக்கப் போனார்.

"அது எனக்கு வாங்கினது" என்றார் ஃபோர்மேன். "இருக்கட்டும்."

திங்கட்கிழமை கவுண்டரைத் திறந்ததும் முதல் ஆளாக டீச்சர் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் லீவு போட்டிருந்தாள். பிரித்த உறையை ஒட்டியிருந்தாள். மூன்றையும் நீட்டினாள். அப்பாவின் எழுத்து, மேலே ஒரு திருத்தம் இல்லை.

பின்னால் நின்ற எங்கள் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கோழி கிறுக்கின மாதிரி? இதை மெஷின் படிக்காது. பக்கத்துல விலாசத்தைத் தெளிவா எழுதிக் கொடுங்க."

"மாட்டேன்" என்றாள் டீச்சர்.

"அப்புறம் போய்ச் சேரலன்னா எங்களைக் கேக்கக் கூடாது."

"கேப்பேன். மெஷின் படிக்கலன்னா மனுஷங்க படிங்க. ஒரு தடவையில புரியலன்னா ரெண்டு தடவை படிங்க. இதை எழுத அவருக்கு ஆறு வாரம் ஆச்சு சார். உங்களுக்கு ஆறு நிமிஷம் கிடையாதா? நான் இங்கயே நிக்கிறேன். எந்த எழுத்து புரியல, சொல்லுங்க, வாயால சொல்றேன். பேனாவை மட்டும் நான் தொட மாட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான். ஸ்டாம்பை ஒட்டி, முத்திரைக் கட்டையை எடுத்து மேசை அதிரக் குத்தினேன், மூன்றும். மெஷின் பையில் போடவில்லை. கையால் பிரிக்கிற தட்டில் தனியாக வைத்தேன். எழுந்து போய்ப் பிரிக்கிற ஆளிடம் ஒவ்வோர் உறையையும் வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

எட்டாம் நாள் பதில்கள் வந்தன, மூன்றும் ஒரே தபாலில். தபால்காரர் கொண்டுபோகும்வரை பொறுக்காமல் நானே எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். ஃபோர்மேன் வால்வின் கார்டைப் பிரித்தார். இருக்கேன். குட்டையின் கார்டைப் பிரித்தார். இருக்கேன். மூன்றாவது சோடாவுடையது. மருமகளிடம் கொடுக்காமல் அவரே தடவித் தடவி எழுதியிருக்கிறார். வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. டீச்சர் கார்டை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"இருக்கேன். உன் கையெழுத்து சகிக்கல."

ஃபோர்மேனின் தோள் குலுங்கியது. முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இருபத்தாறு வருஷத்தில் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் கார்டு போனதில்லை. அவர் பேனாவைத் தேடி மேசையைத் துழாவினார்.

"எழுதட்டுமாப்பா?" என்று கேட்கவில்லை டீச்சர். வெறும் கார்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"குருடன் சொல்றான் பாரு" என்றார் ஃபோர்மேன். "இஸ்திரிப் பெட்டியை எடு."